வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கலாமா?



போன டிசம்பரிலே நம் சபையைக் கொஞ்சம் கலக்கிவிட்ட ஒரு காரியத்தைக் குறித்து இந்த மாதம் எழுதும்படி உள்ளத்தில் ஏவப்பட்டேன். பார்க்கப்போனால் காரியம் சின்னது. நம் சபையில் வளர்ந்த வாலிபச் சகோதரன் ஒருவர் துபாயிலே கட்டிட வேலை செய்கிறார். அங்கே ஒரு பெரிய மாலில் மூன்று மாடி உயரத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் நிறுத்தி, அதன்மேல் ஆயிரக்கணக்கான லைட் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்! அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் என்னிடத்தில் வந்து, "பாஸ்டர், அந்தத் தம்பி லீவுக்கு ஊருக்கு வந்தா இனிமே கீபோர்டுல உக்காரக் கூடாது. ரட்சிக்கப்பட்ட பிள்ளைக்கு உலகத்தோட வேடிக்கையில என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பிள்ளை. அவனுடைய தாயார் காதில் இது விழுந்தது. அடுத்த வாரம் அந்த அம்மா ஆராதனைக்கு வரவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளில் பல, நம் சபையைப் போலவே, கிறிஸ்துமஸ் ஆசரிப்பதில்லை. அதற்கு நியாயம் உண்டு. கர்த்தர் பிறந்த தேதி வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. டிசம்பர் 25 என்பது நாலாம் நூற்றாண்டு ரோமாபுரி நாட்குறிப்பில்தான் தெளிவாய் வருகிறது. இப்படிச் சொல்வது நாம் மாத்திரமல்ல. அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் விசுவாசிகள் மாசசூசெட்ஸில் 1659-ம் வருஷம் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவனுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681-ல்தான் அது நீங்கியது. மரத்து லைட்டோ அதற்கும் பிந்தினது. எடிசனோடு தொழில் செய்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் 1882-ல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 பல்புகளைச் சுற்றிவைத்தார். ஆக, மூப்பர் சொல்கிறபடி அது அஞ்ஞானக் கோவிலிலிருந்து வந்த விளக்கு என்று சொல்ல முடியாது. மின்சாரக் கம்பெனிக்காரர் வீட்டிலிருந்து வந்தது! எரேமியா 10-ம் அதிகாரத்து மரத்தை அவர் எடுத்துக் காட்டினார். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். தச்சன் செதுக்கி, ஜனங்கள் பயந்து வணங்குகிற விக்கிரகத்தைக் குறித்துத் தீர்க்கதரிசி பேசுகிறார். மாலில் நிற்கிற பிளாஸ்டிக் மரத்துக்கு எவனும் பயப்படுகிறதில்லை.

சரி, ஆசரிப்பது ஒன்று, பார்ப்பது ஒன்று. பார்த்தாலே பாவமா? இதுதான் கேள்வி.

தேவஜனமே, வனாந்தரத்திலே பார்ப்பதைக் குறித்து வேதம் ஒரு பெரிய பாடம் வைத்திருக்கிறது. எண்ணாகமம் 21-ல் சர்ப்பங்கள் கடித்து ஜனங்கள் செத்து விழுந்தபோது, மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் தூக்கி வைத்தார். அதை நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். பார்க்கும்படி சொன்னது யார்? கர்த்தர்தாமே. அதே வெண்கலச் சர்ப்பம் பல நூற்றாண்டுகள் கழித்து எசேக்கியா ராஜாவின் நாளிலும் இருந்தது. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டினார்கள். ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜா. 18:4). அதை உடைத்தவரும் கர்த்தருக்குச் செம்மையானதையே செய்தார் என்று எழுதியிருக்கிறது. வெண்கலம் மாறவில்லை, கம்பம் மாறவில்லை. பார்த்தவர்களின் இருதயம் மாறிப்போயிற்று. பொருளை வைத்துப் பாவத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஆண்டவரையே பாருங்கள். யோவான் 10:22, 23-ல் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடக்கிறது, மாரிகாலம், இயேசு சாலொமோனின் மண்டபத்திலே உலாவுகிறார். இந்தப் பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. மக்கபேயர் காலத்தில் மனுஷர் ஏற்படுத்தினது. யூத சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ் அதற்கு விளக்குகளின் பண்டிகை என்றே பெயர் சொல்லுகிறார். கட்டளையில் இல்லாத பண்டிகை என்று ஆண்டவர் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடவில்லை. கூடாரப் பண்டிகையிலோ ஆலயப் பிராகாரத்தில் உயரமான பொன் விளக்குகளை ஏற்றுவார்கள் என்று யூதருடைய மிஷ்னா என்னும் பழைய நூல் சொல்லுகிறது. அந்தப் பண்டிகையை ஒட்டித்தான் அவர் தம்மை உலகத்துக்கு ஒளி என்று அறிவித்தார் என்று வேத பண்டிதர் பலர் சொல்லுகிறார்கள் (யோவான் 7, 8 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள்). விளக்குகளை அவர் அணைக்கச் சொல்லவில்லை.

இதையெல்லாம் மூப்பரிடம் பேசுவதற்கு முன்னே அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். கண்டிக்கிறதற்கு அல்ல, கேட்கிறதற்கு. "அங்க போயி என்னப்பா செஞ்ச?" என்றேன்.

"ஒண்ணும் வாங்கல பாஸ்டர். சும்மா ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். ரூம்ல எட்டுப் பேரு, எல்லாரும் வேற வேற ஊரு. அந்த லைட்டப் பாக்கவும் நம்ம ஊரு ஞாபகம் வந்துருச்சு. சின்னப்பிள்ளையில சைக்கிள்ல ராயப்பன்பட்டிக்கு ஸ்டாரு, குடிலு எல்லாம் பாக்கப் போவோம்ல, அது மாதிரி இருந்துச்சு" என்றான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராயப்பன்பட்டியில் ஆர்.சி. சபையார் வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டி, கோவிலில் குடில் வைப்பார்கள். மூங்கில் சிம்பும் கலர்த் தாளும் ஒட்டின அந்த நட்சத்திரத்தை வாய் பிளந்து பார்க்காத பெந்தெகொஸ்தே பிள்ளை நம் பக்கத்தில் யார் இருக்கிறான்? (மூப்பருடைய பிள்ளைகளும் போனார்கள். பெயர் சொல்ல மாட்டேன்!)

அந்தத் தம்பி தங்கியிருப்பது சோனாப்பூர் என்று சொல்லப்படுகிற தொழிலாளர் குடியிருப்பு. அந்தப் பெயருக்குத் தங்க ஊர் என்று அர்த்தமாம். அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, சுற்றிலும் மணலும் பஸ் நிறுத்தமும். டிசம்பர் 25 அந்த நாட்டில் அரசு விடுமுறை அல்ல. அவனுக்கு அன்றைக்கும் வேலைதான். துபாயில் ஆலயங்கள் உண்டு. அரசாங்கம் கொடுத்த நிலத்தில் ஜெபல் அலியிலே பல சபைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனாலும் சோனாப்பூரிலிருந்து அங்கே போய் வர அவனுடைய ஓய்வு நாளில் பாதி போய்விடும். சவூதியில் வேலை செய்கிற நம் சகோதரருக்கோ ஆலயமே கிடையாது. இந்த வனாந்தரத்தில் கண்ணுக்கு எதிரே பிரகாசமாய் நிற்கிறது மால்காரன் வைத்த மரம் ஒன்றுதான். வீட்டு விளக்கைத் தேடுகிறவன் அதைப் போய்ப் பார்க்கிறான். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவனுடைய கண்களுக்கு நாம் தீர்ப்பு எழுதலாமா? நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவனையும் விசேஷித்துக்கொள்ளாதவனையும் குறித்து ரோமர் 14-ல் பவுல் எழுதினதை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த மட்டும் எனக்குச் சமாதானமாய் இருந்தது. புதன்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரி கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவர்கள் இரட்சிக்கப்பட்டு மூன்று வருஷம் ஆகிறது. "பாஸ்டர், வீரபாண்டித் திருவிழாவுக்கு வேடிக்கை பாக்கக்கூடப் போகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? என் பிள்ளைக ராட்டினம் சுத்தணும்னு அழுதுச்சுக. நான் கூட்டிட்டுப் போகல. அக்கா தங்கச்சியெல்லாம் இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. இப்ப துபாயில மட்டும் லைட்டு பாக்கலாமா?"

சித்திரையில் முல்லையாற்றங்கரையில் நடக்கிற கௌமாரியம்மன் திருவிழாவை அறியாதவர் தேனி மாவட்டத்தில் இல்லை. எட்டு நாள் ராத்திரி பகலாய் ஜனம், ராட்டினம், சீரியல் லைட். இந்தச் சகோதரி அங்கே வருஷந்தோறும் அக்கினிச்சட்டி எடுத்தவர்கள். அவர்களுக்கு அது வேடிக்கை இடம் அல்ல, நேர்த்திக்கடன் செலுத்தின இடம். அங்கே போகாதிருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலைக்கிரயம் பெரிது. அவர்களிடத்தில் இப்படிச் சொன்னேன்: "அம்மா, அங்க போறவங்க பக்தியோட போறாங்க. நமக்குப் பக்தி இல்லாத எடத்துல போயி வேடிக்கை பாத்தா அவங்களுக்கும் அது மரியாத இல்ல. நீங்க போனாலோ, உங்க பழைய பொருத்தனை உங்களக் கூப்புடும். அந்த மால் மரத்துக்கிட்ட யாரும் எதுவும் நேர்ந்துக்கிறதில்ல."

அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடைக்காரன் கும்பிடுறது பணத்தத்தான பாஸ்டர்?" என்றார்கள்.

பைபிள் காலேஜில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. அவர்கள் சொன்னது மத்தேயு 6:24 அல்லவா! மாலில் வணக்கமே இல்லை என்று நான் சொன்னது பாதிதான் உண்மை. ஜனங்களை உள்ளே இழுத்து, தவணையில் போனும் செயினும் விற்பதற்குத்தான் அந்த மரம் அங்கே நிற்கிறது. ஊரில் வட்டிக் கடன் நிற்கும்போது லைட் பார்க்கப் போய் கடன் அட்டையில் சாமான் வாங்கித் திரும்புகிற விசுவாசிகள் உண்டு. எசேக்கியா உடைத்த சர்ப்பத்துக்கு எரிந்த தூபம் அதுதான் என்பேன். நம் தம்பி ஒன்றும் வாங்காமல் எழுந்து வந்தான். கிழக்கத்திய சாஸ்திரிகளும் நட்சத்திரத்தைக் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டார்கள் (மத். 2:10). சந்தோஷப்பட்டது குற்றமாக எழுதப்படவில்லை. அங்கேயே நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளே போனார்கள்.

ஆகவே தம்பி கீபோர்டு வாசிப்பான் என்று சபைக் கமிட்டியில் சொல்லிவிட்டேன். ஆனால் சகோதரியின் நிமித்தம் அந்தப் போட்டோவைச் சபை குரூப்பிலிருந்து எடுத்துவிடும்படி அவனிடம் கேட்டேன் (1 கொரி. 8-ம் அதிகாரம்). "சரி பாஸ்டர்" என்று உடனே எடுத்துவிட்டான். அவனுடைய தாயார் மாத்திரம் அதை முன்னமே ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும்.

மூப்பர் ஐயா இன்னும் மனம் ஒப்பவில்லை. "நீங்க வசனம் சொல்றீங்க பாஸ்டர், எனக்கு மனசு கேக்கல" என்கிறார். அவர் என்னைவிட வயதில் மூத்தவர், கர்த்தருக்கு முன்பாக உண்மையுள்ளவர். அவரோடு நான் வாக்குவாதம் பண்ணவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: வருகிற டிசம்பர் 31 வருஷக் கடைசி ஆராதனையில், வளைகுடா நாடுகளில் இருக்கிற நம் பிள்ளைகளைப் போனில் சேர்த்துக்கொண்டு ஜெபிக்கும் பகுதியை அவரே நடத்த வேண்டும் என்று. இங்கே ராத்திரி பன்னிரண்டு அடிக்கும்போது துபாயில் பத்தரை மணி. சோனாப்பூரில் அந்த நேரம் ரூமில் லைட்டை அணைத்துவிடுவார்களாம், தம்பி மொட்டைமாடிக்கு ஏறி வந்து பேசுவதாய்ச் சொல்லியிருக்கிறான். மூப்பர் ஐயா, "பாக்கலாம்" என்றிருக்கிறார்.