குறைத்துச் சொன்ன மைல்கள்

விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுவதை நித்தியானுஷ்டானமாகவே கொண்டிருந்த எனக்கு, இடது குதிகாலுக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் சதை ஒடுங்கிக் கயிறாகத் திரளும் இடத்தில் உண்டான வலி, ஒன்றரை வருஷ காலம் போவதும் வருவதுமாக இருந்து என்னை ஏய்த்து வந்தது. படுக்கையை விட்டு இறங்கும்போது மரக்கட்டையாய் விறைத்திருக்கும் கால் பத்தடி நடந்தால் இளகும். ஒரு மைல் ஓடினால் வலியின் சுவடே தெரியாது. மறுநாள் காலையில் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து நிற்கும்.

மூன்று பேரிடம் போனேன். ஒருவர் குதிகால் வாதமென்று தைலம் கொடுத்தார். ஒருவர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பில் பழுதில்லையென்று மாத்திரை எழுதினார். மற்றவர் ஓய்வு என்றார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனெனில், ஓட்டத்தையே நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், வாரம் 30 மைல் ஓடும் சங்கதியை மறைத்து, 'கொஞ்சம் நடப்பேன்' என்று சொன்னவன் நான்தான். வக்கீலிடம் எதையும் ஒளிக்காத நாம்கூட வைத்தியரிடம் ஒளிக்கிறோம். அவரிடம் நாம் போவதே, செய்துகொண்டிருப்பதைத் தொடர அனுமதி பெறுவதற்குத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான்காவதாகப் பார்த்த பிசியோதெரபி அம்மாள், என் காலணியைத் திருப்பித் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். வலக்காலில் 25 முறை முடிந்தது. இடக்காலில் ஒன்பதோடு சரி. "வாரத்துக்கு எத்தனை மைல்?" என்றார். அந்தக் காலணியைக் கையில் வைத்திருப்பவரிடம் பொய் செல்லாது. தசைநாணின் இழைகள் நைந்து ஒழுங்கு குலைந்திருக்கின்றன, மாத்திரையோ வெறும் ஓய்வோ அதைத் தேற்றாது, படிப்படியாகப் பாரம் ஏற்றினால்தான் வலுப்பெறும் என்று விளக்கினார்.

ஸ்வீடன் தேசத்து அறுவை மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்ஸன், இப்படிப் பாரம் ஏற்றும் வழியாக, படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை, தினம் 180 முறை, 12 வாரம் என்று 15 பேருக்குச் செய்வித்து, அதன் பலனை 1998-இல் வெளியிட்டார். தம் குதிகாலுக்கு அறுவை செய்ய மேலதிகாரி மறுத்துவிட, நாண் அறுந்தாவது தொலையட்டுமென்று வீம்பாக அதை வருத்தப் போய், குணமடைந்துவிட்டவர் அவர் என்று சொல்வார்கள். வீம்பு இன்னதென்று அறிந்தவனாகையால், நம்புவதில் எனக்குச் சிரமமில்லை.

அந்தப் பயிற்சியால் எனக்குக் குணமாக நான்கு மாதம் பிடித்தது. இன்றும் காலையில் முதலடியை மெல்லவே வைத்து, விறைப்பு இருந்தால் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். பக்கத்திலேயே, முந்தின நாள் ஓடிய தூரத்தையும், குறைக்காமல்.