தண்ணீர் செய்த உபகாரம்

போன மாதம் பாரிவாக்கத்தில் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு கண்ணாடிக் குடுவை, பித்தளைத் தண்டு, பாம்பாகச் சுருண்ட குழாய். ஹூக்கா! நவாபுகளின் படங்களில் பார்த்த பொருளை நம் வீட்டுப் பிள்ளையின் கையில் பார்த்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"சிகரெட் மாதிரி இல்லே, பெரியப்பா. புகை தண்ணியிலே அலசிக்கிட்டுத்தான் வருது. கமறவே கமறாது" என்றான்.

தண்ணீர் என்றால் நமக்கு எப்போதுமே ஒரு நம்பிக்கை. தீட்டா, ஒரு முழுக்கு. பாவமா, ராமேசுவரத்தில் இன்னொரு முழுக்கு. அக்பர் அரண்மனை மருத்துவர் ஒருவரும் இப்படி நம்பித்தான் புகையைத் தண்ணீர் வழியே இழுக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானூறு ஆண்டுக்கு முந்திய மனிதர்.

உண்மையில் தண்ணீர் புகையின் சூட்டைத் தணிக்கிறது, அவ்வளவுதான். விஷங்களில் பெரும்பகுதி குமிழிகளோடு ஏறி வந்துவிடுகிறது. மேலே கனலும் கரித்துண்டு தன் பங்குக்குக் கார்பன் மோனாக்சைடைச் சேர்க்கிறது. அது ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த புகையாதலால் நெஞ்சின் அடிவரை இழுக்கலாம். ஒரு மணி நேரம் இழுக்கலாம். ஒரே இருப்பில் நூறு சிகரெட்டுக்கு ஈடான புகை உள்ளே போகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2005-இல் எச்சரித்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு இந்தக் குழாயும் ஒரு வழிதான். நண்பர்களிடையே கைமாறினால் காசநோயும் கூடவே கைமாறலாம்.

தண்ணீர் எடுத்துவிட்டது ஒன்றை மட்டுந்தான்: இருமலை.

இவன் தகப்பன் பீடி பிடித்தவன். ஒரு மார்கழி ராத்திரி விடிய விடிய இருமினான். காலையில் பீடிக் கட்டைப் பிரித்துச் சாக்கடையில் கொட்டினான். நாங்கள் பத்து வருஷம் சொல்லிக் கேட்காததை இருமல் ஒரே ராத்திரியில் சொல்லிவிட்டது. தீங்கு செய்கிறவனைவிட, தீங்கை இதமாக்கித் தருகிறவன்தான் பெரிய குற்றவாளியோ?

ஹூக்காக் கடைகளைத் தடை செய்து நம் சட்டசபை 2022-இல் திருத்தம் நிறைவேற்றியது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் மொட்டை மாடிப் படிகளில் சட்டம் ஏறி வருவதில்லை. பெரியப்பாதான் ஏறி வரவேண்டும். கண்டிக்க வாயெடுத்தேன்.

"உங்க கதையிலேகூட ஹீரோ வளையம் வளையமா விடுவானே, பெரியப்பா! காலேஜ்லே படிச்சப்போ அந்தப் பக்கத்தையே நாலு தடவை படிச்சிருக்கேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். எத்தனை நாயகர்களின் விரலிடுக்கில் சிகரெட்டைச் செருகியிருக்கிறேன்! சோகம் வந்தால் புகை, யோசனை வந்தால் புகை. ஒருவனாவது, ஒரு தரமாவது இருமியதில்லை.

மாலையில் பூந்தமல்லி பஸ்ஸுக்காக என்னோடு நடந்து வந்தான். ஏரிக்கரையில் இரண்டு இடத்தில் நின்றான்.

"மெல்லப் போங்க, பெரியப்பா" என்றான்.

எனக்கு வயது 71. அவனுக்கு 32.