கையேடு எழுதுவது யார் வேலை?

"கோட் முழுக்கத் திறந்துதானே இருக்கிறது, படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்." கட்டற்ற மென்பொருள் உலகில் புதிதாக வந்து சந்தேகம் கேட்பவருக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. மூலநிரல் திறந்துதான் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் சொல்கிறது. ஆனால் அதை எப்படி நிறுவுவது, எங்கே தொடங்குவது, பிழை வந்தால் என்ன செய்வது என்று எங்குமே எழுதியிருக்காவிட்டால் அந்த உரிமை யாருக்குப் பயன்படும்? ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு. தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு. இரவு பதினொரு மணிக்கு மேல் கணினி முன்னால் உட்கார்ந்து தோண்டித் துருவ நேரம் உள்ளவர்களுக்கு. இந்த மூன்று கூட்டத்திலும் பெண்கள் குறைவு. ஏன் என்று இந்தத் தொகுப்பை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சில கேள்விகள். கையேடு எழுதுவது நல்ல மனசுள்ளவர்கள் செய்யும் உபகாரமா, மென்பொருளை வெளியிடுபவரின் கடமையா? கடமை என்றால், அது ஏன் திரும்பத் திரும்பப் பெண்களின் மடியில் வந்து விழுகிறது? விழுந்ததை எடுத்துச் செய்வதா, தள்ளிவிடுவதா?

நான் ஓசூரில் இருக்கிறேன். சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் வேலை. அது போக, சிறு பட்டறைகள் சரக்குக் கணக்கு வைக்கப் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற மென்பொருளின் கையேட்டை ஐந்து ஆண்டுகளாக எழுதியும் திருத்தியும் வருகிறேன். இந்தக் கேள்விகளை நான் யோசிக்கக் கற்றுக்கொண்டது இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில்தான்.

எங்கள் ஊரில் எந்த அசெம்ப்ளி லைனுக்குப் போனாலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு தாள் தொங்கும். வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பார்கள். எந்த போல்ட், எவ்வளவு டார்க், எந்த வரிசை, முடித்ததும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் ஒரே லைனில் நிற்கிற எல்லைப்பகுதி இது. அதனால் எழுத்தை விடப் படம் அதிகம். கீழே திருத்த எண், தேதி, தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் கையெழுத்து. பொருளின் வரைபடம் மாறி, இந்தத் தாள் மாறாமல் இருந்தால், ஐஎஸ்ஓ 9001 தணிக்கையில் அது குறையாகப் பதிவாகும். இந்தத் தாளை யாரும் உபகாரம் என்று சொல்வதில்லை. அது உற்பத்தியின் ஒரு பாகம்.

ஆனால் தாளில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஒரு கிளிப்பை முதலில் மாட்டினால்தான் வயர் நசுங்காது என்பதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த ஸ்டேஷனில் எட்டு மணி நேரம் நிற்கிற பெண். அவள் சூப்பர்வைசரிடம் சொல்வாள், அவர் இன்ஜினியரிடம் சொல்வார், அடுத்த திருத்தத்தில் வரிசை மாறும். கையெழுத்து இன்ஜினியருடையது. போச்சம்பள்ளியில் அமையும் மின்ஸ்கூட்டர் தொழிற்சாலையை 10,000 பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021-இல் அறிவித்தபோது நாடே அந்த எண்ணிக்கையைப் பேசியது. எத்தனை பெண்கள் என்று கேட்கப் பழகிவிட்டோம். எத்தனை பெண்களின் அறிவு அவர்கள் பெயரோடு பதிவாகிறது என்று கேட்க இன்னும் பழகவில்லை.

கட்டற்ற மென்பொருளில் நிலைமை தலைகீழ். அங்கே பெயர் தொலைவது கடினம். ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் யார், எந்தத் தேதியில் திருத்தினார்கள் என்று வரலாற்றில் நிற்கும். ஆனால் அங்கே கையேடு உற்பத்தியின் பாகமாகக் கருதப்படுவதில்லை. கிட்ஹப் 2017-இல் 5,500 பேரிடம் நடத்திய ஆய்வில் 93 விழுக்காட்டினர், முழுமையற்ற அல்லது காலாவதியான கையேடுகள்தான் எங்கும் பரவியிருக்கும் பிரச்சினை என்றார்கள். அதே ஆய்வில் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர், தாங்கள் கையேட்டில் அரிதாகவே கைவைப்பதாக அல்லது கைவைப்பதே இல்லை என்று சொன்னார்கள். பதிலளித்தவர்களில் பெண்கள் 3 விழுக்காடு. இன்னொன்றும் அதில் தெரிந்தது: ஒரு திட்டம் எப்படி இயங்குகிறது, எப்படிச் சேரலாம் என்று விளக்கும் பக்கங்களுக்குப் பெண்கள் கூடுதல் மதிப்புத் தருகிறார்கள். வியப்பில்லை. டீக்கடையிலும் ஹாஸ்டல் அறையிலும் வாய்வழியாகப் பரவும் தகவல் நம்மை வந்து சேராது. எழுதி வைத்தால்தான் வரும்.

2006-இல் ஜினோம் திட்டம் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டபோது 181 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. அதே கோடையில் பெண்களுக்கென்று தனியாக அழைப்பு விடுத்தபோது சுமார் நூறு பேர் வந்தார்கள். ஒரு சில வாரங்களில் நூறு பெண்களுக்குத் திடீரென்று திறமை முளைத்துவிடாது. 'இது உனக்கும்தான்' என்று யாரோ முதல் முறையாகத் தெளிவாக எழுதினார்கள், அவ்வளவுதான். இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கும் திட்டத்தின் வேர் அது. அங்கே நிரல் மட்டுமல்லாமல் கையேடு எழுதுவதும் உதவித்தொகை பெறும் பணி.

கையேடு எழுதுவது இரண்டாம் தர வேலை என்ற எண்ணத்துக்கு வரலாற்றிலும் ஆதாரமில்லை. ஹார்வர்டின் மார்க் 1 கணினிக்கு 1946-இல் வெளிவந்த, 500 பக்கங்களைத் தாண்டும் செயல்முறைக் கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவர் கிரேஸ் ஹாப்பர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டில் எனியாக் கணினியின் தொழில்நுட்பக் கையேட்டை எழுதியவர் அடேல் கோல்ட்ஸ்டைன், அவரும் கணிதம் படித்தவர். அந்த இயந்திரங்களை முழுமையாகப் புரிந்துகொள்ளாத யாராலும் அதை எழுதியிருக்க முடியாது. ஆனாலும் மார்க் 1 கையேட்டின் தலைப்புப் பக்கத்தில் இருப்பது 'கணிப்பு ஆய்வகத்தின் பணியாளர்கள்' என்ற பொதுப் பெயர். நம் ஊர் ஸ்டேஷனில் தொங்கும் தாளுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

இங்கேதான் சிக்கல். என்னுடன் படித்த தோழி ஒருத்தி, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நிரல் எழுதுகிறாள். தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் போய் வருகிறவள். நான் செய்வதைப் பார்த்து அவளுக்குக் கோபம். "ஏண்டி, ஆம்பளைங்க சமைச்சுப் போட்டுட்டுப் போன பாத்திரத்தைத்தானே நீ கழுவிட்டு இருக்க? அதையும் சம்பளமில்லாம! நீயும் கோட் எழுது. இல்லைனா சும்மா இரு."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நர்சாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பெண்களின் உழைப்பு உலகச் சந்தைக்குப் போனது. ஆனால் வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று பெயரிட்டதால் அதை வேலையாகவே யாரும் எண்ணவில்லை. 'ஆர்வத்தில் செய்கிறார்', 'பொறுமைசாலி', 'அழகாக எழுதுவார்' என்று கையேடு எழுதும் பெண்ணுக்குக் கிடைக்கும் பாராட்டுகள் எல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. குணத்தைப் பாராட்டினால் அறிவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 'செய்யாமல் இரு' என்பது பதிலாகுமா? நான் நிறுத்தினால் யாருக்கு நட்டம் என்று பார்க்கிறேன். நிரல் எழுதியவர்களுக்கு இல்லை, அவர்களுக்குத் தெரியும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் அது. தேன்கனிக்கோட்டையிலும் பர்கூரிலும் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கையில், அவர்கள் வீட்டின் முதல் கணினியில், அது வந்து சேர்ந்தது. கணினி தெரிந்த அண்ணன் இல்லாத வீட்டில், அந்த இரண்டாவது இயங்குதளத்தின் கதவைத் தட்டிப் பார்க்க எழுத்தில் இருக்கும் விளக்கம் ஒன்றுதான் துணை. என் மறுப்பின் விலையைக் கொடுக்கப்போவது இப்படிப்பட்ட ஒரு பெண்தான். இன்னொரு பெண் செலுத்தும் விலையில் என் சுயமரியாதையை நான் வாங்க முடியாது.

தோழியின் வாதத்தில் நான் மறுப்பது ஒன்றைத்தான்: கையேடு என்பது கழுவும் வேலை என்பது. நாங்கள் பராமரிக்கும் மென்பொருளில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஓசூரின் சிறு பட்டறைகள் பலவும் ஜாப் ஒர்க்கில் ஓடுபவை. பெரிய கம்பெனி டெலிவரி சலான் போட்டுப் பொருளை அனுப்பும். பட்டறையில் கடைந்து திருப்பி அனுப்புவார்கள். தேறாதது ரிஜெக்‌ஷன் என்று மீண்டும் பட்டறைக்கே வரும். எங்கள் மென்பொருளில் விற்ற பொருள் திரும்புவதற்குத்தான் வழி இருந்தது. ஜாப் ஒர்க்கில் திரும்பி வருவதற்கு வழி இல்லை. பயன்படுத்துபவர்கள் அதை ஒரு புதிய கொள்முதலாகப் பதிந்து சமாளித்தார்கள். கையேட்டில் அந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தபோது என் கையில் வந்த வாக்கியம் இது: 'நடக்காத ஒரு கொள்முதலைப் பதியவும்.' பொய்க் கணக்கு எழுதச் சொல்லித் தரும் வாக்கியம். அதை அப்படியே எழுதி, இதை வெளியிடலாமா என்று குழுவிடம் கேட்டேன். இரண்டு வெளியீடுகள் கழித்து மென்பொருளில் அதற்கென்று தனி வழி வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் அதை எழுதிய நிரலாளரின் பெயர் இருந்தது. கையேட்டுக்குப் பெயர் இல்லை.

நிரல் ஓடிவிடும். சுற்றி வளைத்தாவது ஓடிவிடும். ஆனால் அது செய்வதை ஒரு மனிதருக்கு நேர்மையாகச் சொல்ல முடியாவிட்டால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதை முதலில் பார்ப்பவர் கையேடு எழுதுபவர். அவர் மென்பொருளின் முதல் சாட்சி. சாட்சி சொல்வதைத் துப்புரவு என்று பெயரிட்டு ஓரமாக வைப்பது அந்த மென்பொருளுக்கே நட்டம்.

ஆகவே என் முடிவு: செய்வேன், ஆனால் உபகாரமாகச் செய்ய மாட்டேன். எங்கள் குழுவில் மூன்று நிபந்தனைகளை வைத்தேன். முதலாவது, ஒரு மாற்றத்தை எழுதுபவரே அதற்கான கையேட்டுப் பகுதியின் முதல் வரைவையும் எழுத வேண்டும். அது இல்லாத மாற்றம் முடிந்த மாற்றமாகாது. வரைபடம் மாறினால் தாளும் மாற வேண்டும் என்ற தொழிற்சாலை விதிதான் இது. இரண்டாவது, கையேட்டைப் பராமரிப்பவருக்கு, விளக்க முடியாத ஒரு மாற்றத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் வேண்டும். மூன்றாவது, வெளியீட்டுக் குறிப்பில் நிரலுக்கும் கையேட்டுக்கும் ஒரே பட்டியல், ஒரே எழுத்தளவு. முதலாவதையும் மூன்றாவதையும் ஏற்றுக்கொண்டார்கள். முதலாவதுக்குப் பிறகு இரண்டு பேர் விலகினார்கள். இரண்டாவது இன்னும் பேச்சில் இருக்கிறது. அதிகாரம் தொடர்பானது எப்போதும் கடைசியாகத்தான் வரும் என்பது நமக்குப் புதிதில்லை.

விலகியவர்களில் ஒருவர் சொன்னது: "எனக்கு எழுத வராது." பெண்களுக்கு இது பழகிய வாக்கியம். எனக்குச் சமைக்க வராது, குழந்தையைக் குளிப்பாட்ட வராது என்பதன் உடன்பிறப்பு. யாருக்கும் பிறக்கும்போதே எழுத வராது. எனக்கும் வரவில்லை. செய்துதான் வந்தது.

தமிழில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' போன்ற தொடர்கள் பின்னர் இலவச மின்னூல்களாக, யாரும் பகிரவும் திருத்தவும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தன. ஹெச்டிஎம்எல், மெஷின் லேர்னிங் என்று அவர் தொடர்ந்து எழுதினார். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து ஒதுங்கியவர்கள் உள்ளே வர அந்த நூல்கள் வழி செய்தன. அந்த நூல்களில் அவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அங்கேதான் இருக்க வேண்டும்.

தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் தானாகச் செய்யும்படி எழுதி வைப்பவர், தன்னிடம் மட்டுமே இருந்த ஒரு பிடியைத் தளர்த்துகிறார். அடுத்த முறை யாரும் அவரைக் கேட்க வேண்டியதில்லை. தெரிந்தவராக இருப்பதன் பெருமையில் ஒரு பங்கு அன்றே போய்விடும். பலர் எழுதாமல் இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். சுதந்திரம் என்ற சொல்லை உரிமத்தில் எழுதியவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பிடியை நீங்களும் கொஞ்சம் தளர்த்துங்கள். முதல் வரைவை நீங்கள் எழுதுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.