மாம்பழத்தில் சரிபாதி

உண்பொருளைப் பங்கிடும்பொழுது எதனை அளவுகோலாகக் கொள்வது என்னும் வினா, அறவியல் நூல்களில் மாத்திரமன்றி அடுப்படியிலும் அன்றாடம் எழுவதாகும். 1990களில் யுனிசெப் நிறுவனத்தின் முயற்சியால் தெற்காசியச் சிறுவர்களுக்கென வெளிவந்த 'மீனா' என்னும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரில், இவ்வினா ஒரு மாம்பழத்தின் வடிவில் வருகின்றது. பழத்தைப் பறித்தவள் மீனா. பெரிய பங்கு கிடைப்பதோ அவள் சகோதரன் ராஜுவுக்கு. அவள் முறையிடுகின்றாள். ஒருநாள் முழுவதும் இருவரும் தத்தம் வேலைகளை மாற்றிக்கொள்கின்றனர். அவளது வேலையைச் செய்து களைத்த ராஜு, அன்றிரவு அவளது சிறிய பங்கையே உண்ண நேர்கின்றது. இனிப் பங்கு சமமாகட்டும் என்று வீடு இணங்குகின்றது.

மீனாவுக்கு உருவங்கொடுத்த ராம் மோகன் (1931–2019) இவ்வகைக் கதைசொல்லலுக்குப் புதியவர் அல்லர். 1956இல் இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் கார்ட்டூன் பகுதியிற் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்திருந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் பயின்றவர். 1972இல் தமக்கெனத் தனி நிறுவனம் அமைத்தார். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' ஆகிய படங்களின் அசைவோவியப் பகுதிகள் அவர் கைவண்ணமே. யுகோ சாகோவுடன் இணைந்து இராமாயணத்தையும் முழுநீளப் படமாக்கினார். ஆயினும் அவருடைய உழைப்பில் பெரும்பகுதி, பிறர் வேண்டிய செய்தியைப் பிறர்க்கு எடுத்துச் சொல்வதிலேயே கழிந்தது. இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். செய்தியைச் சுமப்பது கலைக்கு இழிவென்றால் நம் அறநூல்களுள் எவை எஞ்சும் என்று அவர்களைக் கேட்கலாம்.

அசைவோவியனின் தலையாய வித்தை, எடையற்ற கோட்டுக்கு எடை தருவது. ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம்பிடித்தாலுங்கூட ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும். அவற்றினூடாகவே வரைந்த உடல் களைப்பதைப் பார்ப்பவர் நம்புகின்றனர். ராஜுவின் களைப்பை நம்பாதவர்க்கு மீனாவின் வாதம் விளங்காது. எனவே இப்படத்தில் நீதியும் தொழில்நுட்பமும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன.

ஆனால் இவ்வாதத்தில் ஓர் இடர் உண்டு; மலையகத்தில் அது தெளிவாகப் புலப்படும். அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையிலுள்ள கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களிலும், அதற்கு அப்பாலுள்ள மலைகளிலும், மனிதரை அளக்கும் சொல் 'பேர்' என்பதாகும். கொழுந்து நிறுவையில் குறித்த இறாத்தலோ கிலோவோ தேறினால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தோட்டத்தை விட்டு நீக்கப்படுவது பேர் வெட்டப்படுதல். ஆணும் பெண்ணும் ஒரே மலையில் நின்றபோதும், 1984ஆம் ஆண்டு ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் பின்னரே அவர்களது நாட்சம்பளம் சமமாயிற்று. அதற்குப் பின்னும், பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு சுமந்து, தம்பி தங்கையரைப் பார்த்து, பள்ளிக்குப் பிந்திச் செல்லும் சிறுமியின் உழைப்பு எந்தச் செக்ரோலிலும் ஏறுவதில்லை. அதனையும் வேலையென ஏற்கச் செய்வதால், மீனாவின் வாதம் அத்தகைய சிறுமிக்குப் பெருந்துணையாகும்.

எனினும் அதே வாதம், வேலை செய்தவர்க்கே சோறு என்னும் துரைத்தன நியாயத்தையும் உறுதிப்படுத்திவிடாதா? சமபங்குக்கு மீனா தகுதியுடையவள். காரணம் அவள் உழைக்கின்றாள் என்றால், லயத்தின் மூலையில் இருமிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு எது பங்கு? தகுதிக்கேற்ற பங்கே நீதி என்றார் அரிஸ்டாட்டில். தகுதி எதுவென்பதில் மாந்தர் மாறுபடுவதையும் அவரே கண்டார். வள்ளுவரோ பகுத்துண்டலை ஈகையில் மாத்திரம் வைத்துப் பேசவில்லை. கொல்லாமை அதிகாரத்திலும் வைத்துச் சிறப்பித்தார். அவ்வைப்புமுறையை ஊன்றி நோக்குவார்க்கு, பங்கு மறுத்தல் கஞ்சத்தனம் மாத்திரமன்று, உயிர்க்கேடும் ஆகும் என்பது தோன்றும். அங்கே உண்பவரின் உழைப்பு கணக்கில் வருவதில்லை.

அவ்வாறாயின், சரியான முடிவைக் குறையுடைய காரணத்தால் நிறுவிய கலைஞன் பிழைசெய்தானா? ஒரு மறுமொழி உண்டு. ஆண்பிள்ளை நாளை உழைத்துத் தரப்போகின்றவன், ஆதலால் அவனுக்குக் கூடுதலாகப் போடவேண்டும் என்று நம்பும் வீட்டிடம், உழைப்பையே அளவுகோலாகக் கொண்டு பேசுவது அவ்வீட்டின் கணக்கைக் கொண்டே அதனை மடக்குவதாகும். உயர்ந்த நியாயத்தைச் சொல்லித் தோற்பதிலும் இது மேல் எனலாம். நாற்பதாண்டுக் காலம் பொதுமக்களை நோக்கிப் படம் வரைந்த கைக்கு இவ்வுபாயம் தெரியாதிருக்க முடியாது.

ஆயினும் உபாயம் அவ்வளவு தூரந்தான் செல்லும். படத்தை நோக்கும் குழந்தை, வேலைமாற்றம் தொடங்கும்வரை காத்திருப்பதில்லை. இரு கைகளில் இரு அளவான பங்கைக் கண்டவுடனேயே அதன் முகம் சுருங்குகின்றது. அந்தச் சுருக்கத்துக்கு உழைப்பைப் பற்றிய கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. காரணம் சொல்லுமுன்பே வரைகோல் சொல்லிவிட்ட நியாயம் அது. பின்னர் வந்த காரணம் பெரியோரை இணங்கச் செய்வதற்கானது.

மீனாவின் வீட்டில் ராணி என்றொரு கைக்குழந்தையும் உண்டு. தண்ணீர் எடுக்கவோ, மாடு மேய்க்கவோ அவளால் இயலாது. அவளது பங்கு எவ்வளவு என்று அன்றிரவு அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை.