வீட்டைப் பார்ப்பதா, ஓவியத்தைப் பார்ப்பதா?

ஐரோப்பாவிலே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இன்று நம்மிடையே பலர். விசா கிடைத்து மூன்று மாதம் தங்கப் போகும் தாய் தகப்பனைப் பிள்ளைகள் ஊர் பார்க்க அழைத்துச் செல்வதும் வழக்கம். ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரர்டாம் நகரிலே ஒரு பிற்பகல் மாத்திரம் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அப்பா, ஒரு இடந்தான் பார்க்க நேரமிருக்கு. பெரிய ஓவிய நூதனசாலைக்குப் போவமா, இல்லாட்டி ஒரு பழைய வீடு இருக்கு, அதைப் பார்ப்பமா?" என்று மகன் கேட்கிறான். கால் நோவெடுத்த தகப்பன், "எது கிட்டவோ அதுக்குப் போவம் தம்பி" என்கிறார்.

கிட்ட இருப்பது வீடுதான். புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் கேள்வியை அத்துடன் விட்டுவிட எனக்கு மனமில்லை. கிடைத்த சிறு நேரத்தை அழகுக்குக் கொடுப்பதா, மனிதர் வாழ்ந்த இடத்துக்குக் கொடுப்பதா என்பதில் நாம் எதை மதிக்கிறோம் என்பதும் வெளிப்பட்டுவிடும் அன்றோ?

முதலில் நூதனசாலையின் கட்சியைக் கேட்போம். றைக்ஸ் நூதனசாலையின் கட்டடம் 1885இல் திறக்கப்பட்டது. அதை வரைந்தவர் கைப்பர்ஸ் என்னும் கத்தோலிக்கர். அது கோவிலைப்போல இருக்கிறதென்று புரட்டஸ்தாந்தர் சிலர் முறுமுறுத்தார்கள். மூன்றாம் வில்லியம் அரசர் அதனை மடம் என்று இகழ்ந்தார் என்பர். உள்ளே றெம்பிரான்ட் 1642இல் தீட்டிய 'இராக் காவல்' இருக்கிறது. கூட்டமெல்லாம் அதன் முன்னேதான். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1662இல் அவர் தீட்டிய துணிச் சங்க மேற்பார்வையாளர்களின் ஓவியம். கறுப்புடையும் அகன்ற தொப்பியும் அணிந்த ஐவர், சிவப்பு விரிப்பிட்ட மேசையருகே. பின்னால் தொப்பியில்லாத பணியாள் ஒருவர். விற்பனைக்கு வரும் துணியின் தரத்தைச் சோதிப்பது அந்த ஐவரின் வேலை. யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்ததைப்போல நம்மை நிமிர்ந்து பார்க்கிறார்கள். 360 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கிழவரின் தூரிகை பட்ட இடத்திலேயே நம் கண்ணும் படுகிறது.

வீடுகளோ பல வேளைகளில் நம்மை ஏமாற்றும். றெம்பிரான்ட் 1639இல் வாங்கி, கடன்பட்டு நொடித்து, 1658இல் இழந்த வீடும் அந்நகரிலேயே இருக்கிறது. கடன்காரருக்காக 1656இல் எழுதப்பட்ட பொருட் பட்டியலைப் பார்த்து இன்று அறைகளை நிரப்பி வைத்திருக்கிறார்கள். தளபாடங்கள் அக்காலத்தவைதாம், ஆனால் அவர் புழங்கியவை அல்ல.

ஆயினும் நூதனசாலைக்கு வந்த பொருள் பெரும்பாலும் தன் வீட்டை இழந்த பொருள். அந்த ஐவரின் படம் சங்க மண்டபத்திலே தொங்கவே தீட்டப்பட்டது. சில பொருட்கள் பறித்துக் கொண்டுவரப்பட்டவை. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி இந்த நூதனசாலையிலேதான் இருந்தது. 2023இல்தான் அது இலங்கைக்குத் திரும்பியது. எத்தனை தலைமுறையினர் அதன் வேலைப்பாட்டை வியந்துவிட்டு, வந்த வழியைக் கேளாமற் போனார்களோ!

இனி வீடு. 1578இல் அம்ஸ்ரர்டாமின் ஆட்சி கல்வீனியரின் கைக்குப் போனபின் கத்தோலிக்கர் வெளிப்படையாகத் திருப்பலி காண முடியவில்லை. துணி வியாபாரத்தாற் பொருளீட்டிய யான் ஹார்ட்மன் என்பவர் 1661இல் ஒரு கால்வாயோரத்து வீட்டை வாங்கினார். இரண்டு ஆண்டுகளில், முன்வீட்டினதும் பின்னாலிருந்த இரு வீடுகளினதும் கூரைத் தட்டுகளை ஒன்றாக்கி ஒரு கோவில் அமைத்தார். வீதியிலிருந்து பார்ப்பவருக்கு அது வியாபாரியின் வீடு. (இன்று அந்த வட்டாரத்துக்கு நற்பெயர் இல்லை, பிள்ளைகளோடு போகிறவர்கள் பகலிலே போவது நல்லது.) செங்குத்தான ஒடுங்கிய படிகளில் ஏறினால், படுக்கையறை, அடுப்படிகளுக்கு மேலே, 150 பேர் கூடத்தக்க ஆலயம்: இருமருங்கும் மாடங்கள், பீடத்தூணின் அடியிலே மடக்கி ஒளித்துவைக்கும் பிரசங்கத் தொட்டி, பீடத்தின்மேல் ஆண்டவரின் திருமுழுக்கைக் காட்டும் படம். அப்படத்தைப் பின்னர் தீட்டிய யாக்கோப் டி விற் றெம்பிரான்டுக்கு ஈடாகமாட்டார். ஆனாற் படம் எந்தப் பீடத்துக்கென்று தீட்டப்பட்டதோ அந்தப் பீடத்திலேயே இருக்கிறது.

அதிகாரிகளுக்கு எல்லாம் தெரியும். வெளியே தெரியாதவரை கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்குக் கத்தோலிக்கரிடம் பணமும் வாங்கினார்கள். 1887இல் பெரிய ஆலயம் எழுந்த பின்னர், மறு ஆண்டே வீடு நூதனசாலையாயிற்று. 'மச்சிலே நம் ஆண்டவர்' என்பது அதன் பெயர்.

அந்தப் படியில் ஏறும் யாழ்ப்பாணத்தவருக்கு மூச்சு வாங்குவது படியினால் மாத்திரம் அன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது 1658இல். ஹார்ட்மன் வீடு வாங்க மூன்று ஆண்டுகளுக்கு முன். தம் நகரிலே கண்மூடிய அதே மக்கள் இங்கே குருக்களைத் துரத்தினார்கள், ஆலயங்களைத் தமதாக்கினார்கள். 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளார் சில்லாலையிலும் பிற இடங்களிலும் மறைவாகவே திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் கொண்டாடினோம். கதவுக்கு வெளியே காவல் இருந்து அவரைக் காத்தவர்கள் நம் முன்னோர்.

ஆகவே வீட்டுக்கே போங்கள் என்று சொல்ல என் நா எழுகிறது. அங்கேதான் எனக்கு ஒரு தயக்கமும் உண்டாகிறது. நம் சனம் பட்ட பாட்டைக் காட்டுகிறது என்பதற்காகவே ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்தால், நாம் பார்க்கப் போவது நம்மைத்தானே? தன் காயத்தை மாத்திரம் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பவனுக்கு அடுத்தவன் முகம் தெரியாமற் போகும். நூதனசாலை நமக்கு உறவில்லாத முகங்களின் முன் நம்மை நிறுத்துகிறது.

என் எண்ணம் இதுதான்: ஒரு பிற்பகலே உண்டென்றால் வீட்டுக்குப் போகலாம். மறுமுறை வாய்த்தால், அந்தப் படியேறிய ஞாபகத்தோடு அந்த ஐவரின் முன்னே போய் நிற்கவேண்டும். அவர்களில் இருவர் கத்தோலிக்கர். மற்ற மூவரில் ஒருவர் அரசாங்கச் சபையைச் சேர்ந்தவர், ஒருவர் மெனோனைற், ஒருவர் றெமொன்ஸ்திராந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் வெவ்வேறு கதவுகளால் நுழைந்தவர்கள், வேலை நாளில் ஒரே மேசையில் ஒரே துணியைச் சோதித்தார்கள். மகனும் தகப்பனும் அங்கே நின்று, அந்த இருவர் யாரென்று கண்டுபிடிக்க முயன்று பார்க்கட்டும். ஐந்து தொப்பிகளும் ஒரே மாதிரி. முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.