கழிக்கப்பட்ட பத்துக் கிலோ



இறைவாக்கினர் ஆமோஸ் குருகுலத்தில் பிறந்தவரல்லர். தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பராமரித்து வாழ்ந்தவர். பாடுபடுவோரின் வருத்தம் அவருக்குத் தெரியும். ஆகவேதான் வியாபாரிகளைக் கண்டித்தபோது, "பாவிகளே" என்று பொதுவாகச் சொல்லி அவர் நிறுத்திவிடவில்லை. ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை எப்போது விற்கலாம் என்று காத்திருந்தவர்களையும், மரக்காலைச் சிறிதாக்கிப் படிக்கல்லைப் பாரமாக்கியவர்களையும் தராசைச் சுட்டிக்காட்டியே குற்றஞ்சாட்டினார்.

அந்தத் தராசு இன்று நம்மிடையே இல்லையா?

சந்தைக் "கழிவு" என்ற சொல்லை அறியாத கமக்காரர் வடபகுதியில் இல்லை. நூறு கிலோ கத்தரிக்காயைக் கொண்டுபோய் நிறுத்தால் தொண்ணூறு கிலோவுக்கே காசு. மீதிப் பத்துக் கிலோ கழிவு. விவசாயிகள் பலமுறை முறையிட்டார்கள், அதிகாரிகளும் கண்டித்தார்கள். ஆயினும் சந்தைகளில் அது நெடுங்காலம் வேரூன்றி நின்றது.

வியாபாரியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. லொறியில் ஏற்றிய மரக்கறி நசியும், வாடும். அந்த நட்டம் உண்மையானதே. அதற்கேற்ப விலையைப் பேசட்டும். ஆனால் நிறையைக் குறைக்க எவருக்கும் உரிமையில்லை. விலை இருவர் பேசித் தீர்ப்பது. நிறை கடவுளுக்கு முன்பாக உள்ள உண்மை.

அந்தப் பத்துக் கிலோவுக்குள் என்ன இருக்கிறது? நீரிறைத்த எண்ணெய்ச் செலவு இருக்கிறது. புல்லுப் பிடுங்கிய பெண்ணின் நாட்கூலி இருக்கிறது. கடனுக்கு வாங்கிய பசளை இருக்கிறது. வேலையாளின் கூலியை மறுப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்தோம். கமக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளைச்சலின் நிறையே அவரது கூலி. நிறையைக் கழிப்பவர் கூலியைக் கழிக்கிறார்.

"அவர் சம்மதித்துத்தானே விற்றார்?" என்று சிலர் கேட்பார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட "மக்களின் முன்னேற்றம்" என்ற சுற்றுமடலில் இதற்கு விடை உண்டு. இரு தரப்பாரின் நிலையும் பெரிதும் ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது, சம்மதம் மட்டும் ஒப்பந்தத்தை நீதியாக்கிவிடாது என்று, பதின்மூன்றாம் சிங்கராயரின் 1891ஆம் ஆண்டுப் போதனையை அவர் நினைவூட்டினார். நாடுகளிடையே நடக்கும் வாணிபத்துக்குச் சொன்னது கிளிநொச்சிச் சந்தைக்கும் பொருந்தும். மாலைக்குள் வாடிவிடும் பொருளைக் கையில் வைத்திருப்பவரும், நாளை வாங்கினாலும் போதும் என்றிருப்பவரும் சமமானவர்களா?

வன்னி இதைப் பட்டறிந்த மண். 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் வாலிபர்கள் மிளகாய் செய்து தலைநிமிர்ந்தார்கள். 1977க்குப் பின் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. அவர்களின் விலை சரிந்தது. அரசின் கொள்கை நம் கையில் இல்லை. ஆனால் நம் மடிக்காசு நம் கையில்தான் இருக்கிறது.

எனவே, வாங்குவோரே, கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, கீரைக்கட்டு விற்கும் ஆச்சியிடம் பத்து ரூபாய்க்கு வாதாடாதீர்கள். உள்ளூரில் விளைவது கிடைக்கும்போது அதையே முதலில் கேளுங்கள். வியாபாரிகளே, முழு நிறைக்கும் காசு கொடுங்கள். கமக்காரர்களே, நல்ல காய்க்கு அடியில் சொத்தையை ஒளிக்காதீர்கள். மருந்தடித்த மறுநாளே பிடுங்கி விற்காதீர்கள். நீதி உங்களையும் கட்டுப்படுத்தும். தனித்தனியே போய் ஏமாறாமல், கூட்டுறவாய்ச் சேர்ந்து ஒரே வாகனத்தில் கொண்டுபோய், ஒரே குரலில் விலை பேசுங்கள். பங்குச் சபையினரே, திருவிழா அன்னதானத்துக்கு வேண்டிய அரிசியையும் மரக்கறியையும் ஊரிலேயே நியாய விலைக்கு வாங்கலாம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளவில் ஒரு மேசை போட்டால், தோட்டத்தவரும் வீட்டுக்காரரும் இடையில் எவருமின்றிச் சந்திப்பார்கள்.

பத்திலொன்றை ஆண்டவருக்குக் கொடுக்கச் சொன்னது பழைய சட்டம். நாமோ ஏழையிடமிருந்து பத்திலொன்றை எடுத்துக்கொள்கிறோம். நிலத்தின் பலனும் மனித உழைப்பும் கலந்த அப்பத்தையே பீடத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அடுத்த ஞாயிறு காணிக்கையோடு போகும்போது, நம் தராசும் அங்கே நிறுக்கப்படும் என்பதை நினைவிற் கொள்வோம். எவருடைய பத்துக் கிலோவாவது நம்மிடம் இருந்தால், அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.