கேட்பதும் ஓர் அறமே

கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி பயிரிடும் குடும்பத்து மகள் ஒருத்தி இரு கடிதங்களோடு நம்மிடம் வந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு அவளுக்கு இடமளித்திருந்தன. கல்விக் கட்டணத்தையும் நீக்கியிருந்தன. ஆனால், அவள் நாடிய ஆய்வு நடைபெறும் இடத்தில் வாழ்க்கைச் செலவுக்கான தொகை குறைவு. “கூடுதலாகக் கேட்டால் பேராசை ஆகாதா, சாமி?” என்றாள். “கொடுத்ததை நன்றியோடு பெற்றுக்கொள்” என்று சொல்லி அனுப்பினோம். அன்றிரவு நம் மனம் உறுத்தியது.

அவளுடைய தந்தை சேகோ ஆலையில் கிழங்கின் மாவுச்சத்துக்கேற்ப விலை பேசுகிறார். அதை நாம் பேராசை என்பதில்லை. ஆய்வு மாணவரும் உதவியாளராய் வகுப்பெடுக்கிறார், விடைத்தாள் திருத்துகிறார். அவர் பெறுவது பெரும்பாலும் உழைப்பின் ஊதியமேயன்றிப் பிச்சையன்று. கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடச் சொன்னவர் நம் ஆண்டவர் அல்லரோ (லூக். 14:28)? சோதோமுக்காக ஐம்பதிலிருந்து பத்து வரை ஆபிரகாம் இறைவனிடமே மன்றாடிப் பேரம் பேசவில்லையா?

எனில், பாவம் எங்கே நுழைகிறது? வராத தொகையை வந்ததாகச் சொல்லும்போது. ஒப்புக்கொண்டபின் அறிவிக்காமலே வேறிடம் தாவும்போது. வேண்டாத இடத்தை விடாது பிடித்திருக்கும்போது. நிதியுதவியோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் விடை கேட்டு மாணவரை வற்புறுத்துவதில்லை என்ற தீர்மானத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்றுள்ளன. அந்த அவகாசம் சிந்திப்பதற்கே. பிறர் வாய்ப்பை முடக்குவதற்கன்று. நாம் பிடித்திருக்கும் இடத்துக்காக வேறொரு வீட்டுப் பிள்ளை காத்திருக்கக்கூடும்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தபோது, அது தம் தேவைக்கு மிகுதி என்று கணித மேதை இராமானுஜன் 1919 ஜனவரியில் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக எஞ்சுவதை ஏழை மாணவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் நூல்கள் வழங்கவும் செலவிடுமாறு வேண்டினார். தம் தேவையை உள்ளபடி அறிந்தவரே இப்படி எழுத இயலும். போதாதபோது கேட்பதற்கும் அதே நேர்மைதான் வேண்டும்.

மறுநாள் அவளை அழைத்து நம் சொல்லைத் திரும்பப் பெற்றோம். “உள்ள கடிதத்தைக் காட்டு, உள்ள செலவைச் சொல், பணிவோடு கேள். மறுத்தால் கசப்பு கொள்ளாதே. முடிவெடுத்த அன்றே மற்ற இடத்துக்கு எழுதிவிடு” என்றோம்.

அன்பர்களே, நம் பிள்ளைகளுக்கு நன்றியைக் கற்பிக்கிறோம், நன்று. உண்மை பேசி, தலைநிமிர்ந்து கேட்கவும் கற்பிப்போமாக.